தொட்டிப் பிசுக்கும் தோற்றுப்போகும் மருந்தும்

(காங்கேயம் வட்டாரத்தில் ஊராட்சிப் பொறுப்பாளர்களும் கால்நடை வளர்ப்போரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காங்கேயத்துக்கு வந்து மாட்டைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. செந்நிறமாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறம் பெறுவதையும், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் நெற்றும் தின்று வறட்சியிலும் அது தளராமல் நிற்பதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் நீங்கள். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், காளையின் நடையைக் கண்டே அதன் வயதையும் வலுவையும் சொல்லக்கூடியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகையால் மாட்டின் இலட்சணம் பற்றி உங்களுக்குச் சொல்ல நாம் வரவில்லை. மாட்டுத் தொட்டியின் உட்புறத்தில் படிந்திருக்கும் பிசுக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இஃது என்ன அற்பப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தப் பிசுக்குக்கும், ஊசி போட்டும் தீராத மடி நோய்க்கும், நாளை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய தீராத காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு.

அடிக்கடி காணும் காட்சி

நம் கிராமங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருக்கிறது. காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றித்தான் அந்தக் குடும்பம் மளிகைக் கடனையும் பள்ளிக் கட்டணத்தையும் சமாளிக்கிறது. ஒரு நாள் பாலில் திரி திரியாகக் கட்டி காணப்படுகிறது. மடியின் ஒரு பக்கம் சூடேறி வீங்குகிறது. ஊசி போடுகிறார்கள். இரண்டாம் நாளே வீக்கம் வடிகிறது. பால் வெளுக்கிறது. குணமாயிற்று என்று கருதி, மூன்றாம் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே காம்பில் அதே நோய் வருகிறது. இம்முறை மருந்து மெதுவாகத்தான் கேட்கிறது. மூன்றாம் முறை வந்தபோது மருந்து கேட்பதே இல்லை. முடிவில் அந்தக் காம்பு அடைத்து, மடியின் அப்பகுதி கல்லாக இறுகி வற்றிப்போகிறது. நான்கு காம்புப் பசு மூன்று காம்புப் பசுவாகிவிடுகிறது. சந்தையில் அதன் விலை என்னவாகும் என்பதை உங்களுக்கு நாம் கூற வேண்டியதில்லை.

இவ்வாறு நேரும்போது சிலர் மருந்து போலி என்பார்கள். சிலர் வைத்தியரைக் குறை கூறுவார்கள். சிலர் கண்ணேறு என்பார்கள். இவற்றையெல்லாம் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, கட்டுத்தறிக்குச் சென்று தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஒன்று விரலில் ஒட்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அது போகாது. நகத்தால் சுரண்டினால்தான் வரும். அதைப்போன்ற ஒரு படலமே பசுவின் மடிக்குள்ளும் உண்டாகிறது. மருந்து தோற்றுப்போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பிசுக்கு என்பது யாது?

கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்கள் தண்ணீரில் தனித்தனியே நீந்தித் திரிபவை என்றே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை எங்கேனும் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழவே விரும்புகின்றன. ஈரமான ஒரு பரப்புக் கிடைத்தால் போதும். முதலில் சில கிருமிகள் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியவுடன் தம்மைச் சுற்றி ஒருவகைப் பசையைச் சுரக்கின்றன. சர்க்கரைச் சத்தும் புரதமும் கலந்த அந்தப் பசைக்குள் அவை பெருகுகின்றன. வேறு இனக் கிருமிகளும் வந்து குடியேறுகின்றன. நாளடைவில் அஃது அடுக்கடுக்கான ஒரு குடியிருப்பாகிறது. அதனுள்ளே நீரும் உணவும் செல்ல வாய்க்கால்கள்கூட உண்டு. முற்றியபின் அதிலிருந்து சில கிருமிகள் பிரிந்து வேறிடம் சென்று புதிய குடியிருப்பை அமைக்கின்றன. இதனையே அறிவியலார் உயிரிப்படலம் என்பர். நாம் பிசுக்கு என்றே வழங்குவோம்.

இதனை முதன்முதலாகக் கண்டவர் ஒரு துணி வணிகர் என்பது துணிக்குப் பேர்பெற்ற நம் மாவட்டத்தாருக்குச் சுவையான செய்தி. ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹூக் என்பவர் துணிக்கடை நடத்தியவர். நூலின் தரத்தைக் கண்ணாடி வில்லை கொண்டு பார்ப்பது அக்காலத் துணி வணிகர் வழக்கம். அவர் தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் வழியே உலகில் எவரும் காணாத நுண்ணுயிர்களைக் கண்டார். 1680-களில் தம் பல்லிடுக்கிலிருந்த வெண்படலத்தை எடுத்துப் பார்த்தபோது, அதில் ஏராளமான உயிர்கள் அசைந்ததைக் கண்டார். காடியால் வாயைக் கொப்பளித்துவிட்டு மீண்டும் பார்த்தார். மேற்புறத்திலிருந்தவையே மடிந்திருந்தன, படலத்தின் உள்ளே இருந்தவற்றைக் காடி சென்று தொடவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட இந்த உண்மைதான் இன்று மருத்துவ உலகைக் கவலையில் ஆழ்த்தியிருக்கிறது.

மருந்து ஏன் தோற்கிறது?

படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, தனியே திரியும் அதே கிருமியைக் கொல்லத் தேவைப்படும் மருந்தைப்போல் நூறு மடங்கும், சிலபோது ஆயிரம் மடங்கும் தேவைப்படலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அவ்வளவு மருந்தை மாட்டுக்கோ மனிதருக்கோ செலுத்த இயலாது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வேலி. கொறங்காட்டைச் சுற்றி நீங்கள் கிளுவை வேலி வைக்கிறீர்கள். வேலியில் இடுக்கு இல்லாமல் இல்லை. ஆயினும் வெளியாடு உள்ளே புகுவது எளிதன்று. பசையும் அத்தகைய வேலியே. சில மருந்துகளை அது தடுத்து நிறுத்துகிறது; சிலவற்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. உள்ளே போய்ச் சேருவது குறைந்த அளவே.

இரண்டாவது, உறக்கம். சித்திரை வெயிலில் கொறங்காட்டைப் பார்த்தால் புல்லெல்லாம் மடிந்துவிட்டது போலத் தோன்றும். ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால், எங்கிருந்தோ கொழுக்கட்டைப் புல் தலை நீட்டுகிறது. வேர் மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. படலத்தின் அடியிலுள்ள கிருமிகளும் அவ்வாறே. உணவும் காற்றும் குறைவாகக் கிடைப்பதால் அவை வளராமல் கிடக்கின்றன. பெனிசிலின் போன்ற மருந்து, கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டும் வேளையில்தான் அதைக் கொல்லும். உறங்குகிற கிருமியிடம் அதற்கு வேலை இல்லை. 1944-ஆம் ஆண்டிலேயே ஜோசப் பிகர் என்ற அயர்லாந்து மருத்துவ அறிஞர், பெனிசிலினில் பெரும்பாலான கிருமிகள் மடிந்தபின்பும் மிகச் சில எஞ்சி நிற்பதைக் கண்டு எழுதினார். ஊசியை நிறுத்திய பிறகு இவை விழித்துக்கொள்கின்றன. ஒரு மாதம் கழித்து அதே காம்பில் நோய் திரும்பியதன் இரகசியம் இதுவே.

மூன்றாவது, கைமாற்று. நல்ல விதை ஒரு வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தார் வாங்கிக்கொள்வதில்லையா? மருந்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு கிருமிக்கு வாய்த்துவிட்டால், அந்த ஆற்றலுக்குரிய மரபுக்கூற்றை அடுத்த கிருமிக்கு, வேற்றினக் கிருமிக்குக்கூட, அது கொடுக்கவல்லது. நெருங்கி வாழும் படலத்துக்குள் இந்தக் கைமாற்று நிகழ வாய்ப்பு மிகுதி. அத்துடன், உள்ளே வந்து சேரும் அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லாமல் அதற்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். வேலியும் உறக்கமும் படலம் இருக்கும் வரைதான். படலத்தை உடைத்துக் கிருமியை வெளியேற்றினால் பழைய மருந்தே அதைக் கொல்லும். கைமாற்றாகப் பெற்ற எதிர்ப்பாற்றல் அப்படியன்று. அது கிருமியின் பரம்பரைச் சொத்து. வெளியே வந்தாலும் அதனுடன் இருக்கும். அதன் சந்ததிக்கும் செல்லும். முன்னதைப் பல நாள் கவனியாமல் விட்டால் பின்னது உருவாக இடமுண்டாகிறது.

தொட்டியிலிருந்து மருத்துவமனை வரை

பெனிசிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. பெனிசிலினை வென்ற கிருமிகளுக்காக மெதிசிலின் என்ற மருந்து வந்தது. வந்து ஓரிரு ஆண்டுகளில், 1961-இல், அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் காணப்பட்டது. மாட்டு மடியைக் கெடுக்கும் முக்கியக் கிருமியும் அதே ஸ்டெபிலோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்ததுதான். 2010-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர், கடைசி ஆயுதமாக வைத்திருந்த மருந்துகளையும் எதிர்க்கும் கிருமிகள் சென்னை உட்பட இந்திய நகரங்களில் இருப்பதை வெளியிட்டனர். உலக முழுவதும் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது.

மனித உடலிலும் இப்படலம் இடம் தேடிக்கொள்கிறது. சிறுநீர்க் குழாய் பொருத்திய நோயாளியின் குழாயில், செயற்கை மூட்டில், சர்க்கரை நோயாளியின் ஆறாத காற்புண்ணில் இது காணப்படுகிறது. ஆறாத புண்ணில் மருத்துவர் முதலில் அழுகலைச் சுரண்டி எடுப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. அவர் செய்வதும் தொட்டியைத் தேய்ப்பதும் அடிப்படையில் ஒன்றே.

பிசுக்கு முழுவதும் பகை என்று சொல்வது நியாயமன்று. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் அழுக்கைத் தின்று நீரைத் தெளிவிப்பவை இத்தகைய நுண்ணுயிர்த் திரள்களே. சாண எரிவாயுக் கலத்துக்குள் வேலை செய்பவையும் கூடி வாழும் நுண்ணுயிர்களே. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அவை ஊழியர்; மடியிலும் குடிநீரிலும் புகுந்தால் பகைவர்.

பால் கறப்போர் கவனத்துக்கு

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். படலம் ஒட்டிய தொடக்கத்தில் அதை அழிப்பது எளிது. முற்றியபின் மிகக் கடினம். எனவே முளையிலேயே கிள்ள வேண்டும்.

கறப்பதற்கு முன் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மடியைக் கழுவினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பசுவுக்கும் தனித் துணி கொண்டு ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரே ஈரத் துணியால் எல்லா மாட்டையும் துடைப்பது நோயைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். கட்டைவிரலை மடித்து இழுத்துக் கறப்பதைக் கைவிட்டு, முழுக் கையால் கறக்கப் பழகுங்கள். காம்பில் காயம் ஏற்பட்டால் கிருமி ஒட்ட அஃது இடமாகிவிடும். முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் தட்டில் கறந்து பாருங்கள். கட்டி இருந்தால் தெரிந்துவிடும். கறந்து முடிந்ததும் காம்புத் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அவ்வேளையில் மாடு சாணத்தில் படுக்காதபடி தீவனம் போட்டு அரை மணி நேரம் நிற்க வையுங்கள். மருத்துவர் கூறும் அயோடின் கரைசலில் காம்பை நனைப்பது மேலும் நலம். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும்.

பால் நன்றாகத் தோன்றும்போதே நோய் மறைந்திருப்பதும் உண்டு. 1957-இல் கலிபோர்னியாவில் வகுத்த எளிய சோதனை ஒன்று இருக்கிறது. நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே சிறிது எடுத்து, அதே அளவு சலவைத்தூள் கலந்த கரைசலை ஊற்றி மெல்லச் சுழற்றிப் பார்த்தால், நோயுள்ள காம்பின் பால் மட்டும் கூழ்போல் கெட்டிப்படும். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை செய்முறையைக் கேட்டறிந்தால் வீட்டிலேயே மாதம் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நோய் தொடங்கியவுடன் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பூசும் மரபு முறையை நமது கால்நடைப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் பரப்பியிருக்கிறார்கள். தேசியப் பால்வள வாரியமும் அதனை எடுத்துச் சொல்கிறது. தொடக்க நிலையில் அது கைகொடுக்கும். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு தீனி எடுக்காமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்ல வேண்டும். மருத்துவர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் மருந்து செல்ல வேண்டும். முன்பு மீந்த குழல் மருந்தை எடுத்து நாமே ஏற்றுவதும், எவரேனும் வந்து ஊசி போட இடங்கொடுப்பதும் கூடாது. முற்றிய நோய்க்குக் கறவைக் காலத்தில் மருந்து அதிகம் கேட்பதில்லை. பால் வற்றிய காலத்தில் மடிக்குள் ஏற்றும் மருந்து அதைவிடப் பயன் தருகிறது. அதனை மருத்துவரிடம் கேட்டுச் செய்க.

மருந்து பெற்ற மாட்டின் பாலைப் பற்றியும் ஒரு சொல். 2012-இல் திருத்திய மருந்து விதிப்படி, எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துப் பெட்டியின் மேல் குறிக்கப்பட வேண்டும். காலம் வரையறுக்கப்படாத மருந்துக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுவதும் அழியாது. அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றுவதும் தவறு. வீணாகிறதே என்று கன்றுக்கு ஊட்டுவதும் தவறு. கன்றின் குடலில் உள்ள கிருமிகளுக்கு நாமே பயிற்சிப் பள்ளி திறந்ததாகும். ஏழு நாள் பாலை இழப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் காம்பை இழப்பது அதைவிடப் பெரிய இழப்பு அன்றோ?

கோழியும் குடிநீரும்

பல்லடம் பக்கம் முதல் இங்கு வரை கறிக்கோழிப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. கோழி நீர் குடிக்கும் குழாய்களின் உட்புறத்தில் பிசுக்கு எளிதில் படியும். வைட்டமினும் வெல்லமும் கலந்த நீர் விட்டால் அதற்கு விருந்தே கிடைத்ததாகும். ஒவ்வொரு தொகுதி கோழி சென்றபின்னும் குழாயைக் கழுவி அலசாமல், அடுத்த தொகுதிக்கு நீரில் மருந்து கலந்து விடுவது பணத்தைப் பிசுக்குக்கு இறைப்பதாகும். மனிதருக்குக் கடைசித் துணையாக விளங்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தருவதற்கு மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்துவிட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு வருவோம். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று எண்ணுவது வழக்கம். தொட்டிச் சுவரிலும் குழாயிலும் பிசுக்கு இருந்தால் குளோரின் அதனுடன் போராடியே தீர்ந்துவிடும். கடைசித் தெருக் குழாய்க்கு அது போய்ச் சேராது. அந்தக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். எனவே சோதனையைத் தொட்டியடியில் செய்யாமல் கடைசி வீட்டுக் குழாயில் செய்யுங்கள். அங்கே நிறம் காட்டினால் ஊர் முழுவதும் நலம்.

தொட்டியோ தாழியோ போசியோ, எதுவாயினும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் நீரை வடிக்க வேண்டும், அடுத்துத் தேய்க்க வேண்டும், பிறகு கிருமிநாசினி இட வேண்டும், கடைசியில் அலச வேண்டும். தேய்க்காமல் மருந்து இடுவது களை பறிக்காமல் உரம் இடுவதற்கு ஒப்பாகும். மாட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை தேங்காய் நாரும் துடைப்பமும் கொண்டு தேய்த்து, சுண்ணாம்பு பூசி, வெயிலில் காய விடுங்கள். பால் போசிகளைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஈரமின்றிப் பிசுக்கு வளராது. இதற்குத் தேவையான வெயிலுக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமில்லை.

நாம் சேர்ந்து செய்யக்கூடியவை

தனி ஒருவர் தம் கட்டுத்தறியைச் சுத்தமாக வைத்தாலும், பொதுத் தொட்டியில் எல்லா மாடுகளும் நீர் அருந்துகின்றன. ஆகவே இஃது ஊர்ப் பணியாகும். மூன்று செயல்களை ஊராட்சிகள் மேற்கொள்ளலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில், தொட்டி தேய்த்த தேதிகளையும் கடைசிக் குழாயின் குளோரின் அளவையும் படித்துக் காட்டுதல் ஒன்று. பொதுக் கால்நடைத் தொட்டியைத் தேய்க்கும் பொறுப்பை முறை வைத்துத் தெருவுக்குத் தெரு பகிர்தல் இரண்டு. பால் சங்கமும் மருந்தகமும் சேர்ந்து ஒரு நாள் மடி நோய்ச் சோதனை முகாம் நடத்துதல் மூன்று. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

அன்பர்களே, புதிய மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் ஆகும். இருக்கிற மருந்தைக் காக்கத் தேவைப்படுவது ஒரு துடைப்பமும் கால் மணி நேரமுமே. பொலிகாளையின் வம்சத்தைக் கெடாமல் காத்து நமக்கு அளித்தனர் நம் முன்னோர். மருந்தின் வலிமையைக் கெடாமல் காத்து நம் பிள்ளைகளுக்கு அளிப்பது நம் கடமை. இன்று வீடு திரும்பியதும் முதலில் தொட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வழுக்கினால், நாளைக் காலை வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.